ஜாக்கைப் பிழைக்கவைத்தவர்கள்

தான் எழுதியதிலேயே மிகப் புகழ்பெற்ற கதையைப் பற்றி, அதை எழுதியே இருக்கக் கூடாது என்று ஓர் எழுத்தாளர் சொல்வது அபூர்வம். அமெரிக்க எழுத்தாளர் ஆனி ப்ரூ 2009இல் 'பாரிஸ் ரிவ்யூ' இதழின் நேர்காணலில் 'ப்ரோக்பேக் மவுண்டன்' பற்றி அப்படித்தான் சொன்னார். கதையைத் தாக்கியவர்கள் மீது அவருக்குக் கோபம் இல்லை. கதையை உயிராய் நேசித்தவர்கள் மீதுதான் கோபம். அதன் முடிவைத் தாங்க முடியாமல் ஆண்கள் பலர் தாமே வேறு முடிவு எழுதி அவருக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கதையில் ஜாக் சாகவே இல்லை. இன்னொருவர் கதையில் ஜாக் போனபின் எனிஸுக்குப் புதிய துணை கிடைக்கிறது. 'நான் அப்படிப்பட்டவன் அல்லன், ஆனாலும்...' என்ற பீடிகையோடு வந்த கடிதங்களும் உண்டு. ஆண்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது பெண்ணாகிய உங்களைவிட எங்களுக்குத்தான் தெரியும் என்பது அவற்றின் உள்ளடக்கம்.

அந்த நேர்காணலில் போகிறபோக்கில் ஒரு தகவலும் வருகிறது. படம் வரும்வரை இந்தத் தொல்லை இல்லையாம். சிறுகதை 'நியூயார்க்கர்' இதழில் வெளியானது 1997 அக்டோபரில். படம் வந்தது 2005 இறுதியில். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளிலும் ப்ரூவுக்குக் கடிதங்கள் வந்தன. ஆனால் அவை வேறு விதமானவை. தன்பாலீர்ப்பைப் பேசும் இலக்கியம் திரைக்கு வரும்போது பார்வையாளர் என்ன ஆகிறார் என்று அறிய, இந்த இரண்டு கடிதக் கட்டுகளுக்கும் உள்ள வேறுபாட்டைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் கட்டைப் பற்றி ப்ரூ ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். கதை அச்சில் வந்ததும் வசவுக் கடிதங்கள் குவியும் என்று எதிர்பார்த்திருந்தார். வந்தவை பெரும்பாலும் வேறு. வயோமிங் மாநிலத்துப் பண்ணையாட்கள், மாடு மேய்ப்பவர்கள், தகப்பன்மார்கள் எழுதினார்கள். இது என் கதை என்றார்கள் சிலர். என் மகன் பட்ட பாடு என்ன என்று இப்போதுதான் புரிகிறது என்றார்கள் சிலர். கதையை மாற்று என்று இவர்கள் கேட்கவில்லை. தம்மை அதில் அடையாளம் கண்டுகொண்டு, அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1963 கோடை. இருபது வயதுகூட நிரம்பாத இரண்டு ஏழை இளைஞர்கள், எனிஸ் டெல் மாரும் ஜாக் ட்விஸ்டும், வயோமிங் மலையொன்றில் ஆட்டுக்கிடைக்குக் காவல் வேலைக்குச் சேர்கிறார்கள். குளிர், தனிமை, ஒரே கூடாரம். அங்கே தொடங்கிய உறவுக்கு அவர்களிடம் பெயர் இல்லை. கீழே இறங்கியபின் இருவருக்கும் திருமணம் ஆகிறது, பிள்ளைகள் பிறக்கின்றன. இருபது ஆண்டுகள், வருடத்துக்கு ஓரிரு முறை, மீன்பிடிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுச் சந்திக்கிறார்கள். சேர்ந்து ஒரு சிறு பண்ணை வைத்து வாழலாம் என்று ஜாக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். எனிஸால் முடியாது. ஒன்பது வயதில் அவன் அப்பா அவனைக் கூட்டிப்போய்க் காட்டிய ஒரு பிணம் அவன் கண்ணைவிட்டு அகலவில்லை. அது இரும்புக் கம்பியால் அடித்துக் கொல்லப்பட்ட ஒரு கிழவரின் பிணம். இன்னொரு ஆணோடு சேர்ந்து பண்ணை நடத்தியது அவர் செய்த குற்றம். கடைசியில் ஜாக் செத்துப்போகிறான். டயர் வெடித்த விபத்து என்கிறாள் அவன் மனைவி. எனிஸுக்கு அது இரும்புக் கம்பியாகத்தான் தெரிகிறது. சரிசெய்ய முடியாததைச் சகித்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்பது அவன் வாழ்க்கை அவனுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம்.

ஆண்டு ஒன்று கழிவதற்குள் அந்தக் கதையின் நிலத்திலேயே உண்மையான கொலை நடந்தது. 1998 அக்டோபரில் வயோமிங்கின் லாரமி நகருக்கு வெளியே மாத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது மாணவரை வேலியில் கட்டி அடித்துப்போட்டார்கள். சில நாட்களில் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. தன் கதை ஜாக், எனிஸ் பற்றியதே அல்ல, ஒரு நிலத்தின் வெறுப்பைப் பற்றியது என்று ப்ரூ அழுத்திச் சொல்வதற்குப் பின்னால் இப்படியொரு கனம் இருக்கிறது.

இனிப் படம். இயக்கியவர் தைவானில் பிறந்த ஆங் லீ. திரைக்கதை லாரி மக்மர்ட்ரியும் டயானா ஒசானாவும் எழுதியது. கதை வெளியான சூட்டோடு அவர்கள் எழுதிய பிரதி, எடுக்க ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. சுமார் 1.4 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலக அளவில் சுமார் 17.8 கோடி டாலர் வசூலித்தது. வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம், எட்டு ஆஸ்கர் பரிந்துரைகள், மூன்று விருதுகள். ப்ரூவுக்கும் படத்தின் மீது குறையில்லை. தன் கதை சிதையாமல் திரைக்கு வந்ததாக மனமுவந்து எழுதினார்.

சிதையவில்லைதான். ஆனால் மாறியிருந்தது. ப்ரூவின் கதையில் இவர்கள் அழகர்கள் இல்லை. ஜாக் குள்ளம், எத்துப்பல். எனிஸ் ஒடுங்கிய மார்பும் வளைந்து உயர்ந்த மூக்குமாய் இருப்பவன். படத்தில் ஜேக் ஜில்லன்ஹாலும் ஹீத் லெட்ஜரும் வருகிறார்கள். ஆல்பர்ட்டாவின் மலைகளை ரோட்ரிகோ ப்ரியெட்டோவின் கேமரா காட்டும் அழகில் வறுமைகூட வசீகரமாகிவிடுகிறது. கதையைப் படிப்பவர் எனிஸைத் தன் ஊரில் பார்த்த யாரோ ஒருவனின் முகத்தில் பொருத்திக்கொள்வார், தன் முகத்திலேயேகூட. அதனால்தான் பண்ணையாட்கள் இது என் கதை என்று எழுதினார்கள். படம் அந்த இடத்தை லெட்ஜரின் முகத்தால் நிரப்பிவிட்டது. தன்னைக் கண்டுகொள்ளும் வேலை பார்வையாளருக்கு இல்லாமல் போனது. அவர் காதலில் விழுந்தார். காதலில் விழுந்தவர் காப்பாற்ற நினைப்பார். இரண்டாவது கட்டுக் கடிதங்கள் இங்கேதான் பிறந்தன என்பது என் கணிப்பு.

வேறு மாற்றங்களும் இதற்குத் துணைசெய்தன. சில பத்திகளில் வந்துபோகும் மனைவிமாருக்குப் படம் வீடும் கண்ணீரும் கொடுத்தது. எனிஸின் மகள் தன் கல்யாணத்துக்கு அழைக்க வருகிறாள், அவன் போகச் சம்மதிக்கிறான். மரத்துப்போன ஆளுக்குள் ஒரு சாளரம் திறப்பதாக அந்தக் காட்சியைப் பார்க்கலாம். சாளரம் ஒன்றைக் காட்டிவிட்டால் பார்வையாளர் கதவையும் கேட்கத்தான் செய்வார். இன்னொன்று, இரண்டு சட்டைகள். ஜாக்கின் பழைய அறையில் அவனுடைய சட்டைக்குள் எனிஸின் சட்டை கோர்த்து ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். படத்தின் கடைசியில் எனிஸின் அலமாரியில் அவை இடம் மாறித் தொங்குகின்றன. இப்போது எனிஸின் சட்டை வெளியே, ஜாக்குடையது உள்ளே. வசனமே இல்லாத இந்தச் சிறு மாற்றத்தைக் கண்டுபிடித்தவர்கள் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த ரசிகர்கள். 2006இல் அந்த இரண்டு சட்டைகளும் அறக்கொடைக்காக ஏலம் விடப்பட்டபோது ஒரு லட்சம் டாலருக்கு மேல் போயின. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்க மேற்கின் வரலாற்றைக் காட்டும் ஆட்ரி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. துப்பாக்கியும் சேணமும் வைக்கிற இடத்தில் இவையும் இடம்பெற்றன.

படத்தை விற்ற விதத்தையும் மறக்கக் கூடாது. மிகப் பெரிய காதல் படங்களின் சுவரொட்டிகளைப் பார்த்துத்தான் தங்கள் சுவரொட்டியை வடிவமைத்ததாகவும், 'டைட்டானிக்'கின் சாயல் அதில் இருப்பதாகவும் தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஷாமஸ் வெளிப்படையாகவே சொன்னார். காதல் படம் என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, நீங்கள் பார்த்தது சமூக வெறுப்பைப் பற்றிய படம், காதலுக்காக ஏன் அழுகிறீர்கள் என்று கேட்பதில் நியாயம் இல்லை. ப்ரூ கூப்பிடவில்லை என்பது உண்மை. ஆனால் வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

எதிர்ப்புகள் பற்றிப் பக்கம்பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது, அதனால் வேகமாகவே கடக்கிறேன். யூட்டா மாநிலத்தில் கூடைப்பந்து அணி உரிமையாளர் லாரி மில்லரின் திரையரங்கு 2006 ஜனவரியில் படம் திரையிட இருந்த நாளன்றே அதை நீக்கியது. பஹாமாஸ் தணிக்கைக் குழு தடை விதித்தது. சீனாவில் திரையிடவே இல்லை, ஆனால் ஆங் லீ ஆஸ்கர் வாங்கியதும் சீனர்களின் பெருமை என்று அங்கே பத்திரிகைகள் கொண்டாடின. 2008இல் இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சி இரு ஆண்களின் நெருக்கக் காட்சிகளை வெட்டிவிட்டு ஒளிபரப்பியது. கண்டனம் எழுந்ததும் அடுத்த ஆண்டு முழுப் படத்தையும் போட்டது. ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான விருது 'க்ராஷ்' படத்துக்குப் போனது. வாக்குரிமை பெற்ற மூத்த நடிகர்களான டோனி கர்ட்டிஸும் எர்னஸ்ட் போர்க்நைனும் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை, பார்க்கும் உத்தேசமும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். பார்க்காமலே வாக்களிக்கிறவர்களின் நிராகரிப்பை விமர்சனம் என்று எண்ண முடியாது. வெறுப்பு எங்கும் ஒரே மாதிரித்தான் பேசுகிறது. அதில் ஆராய அதிகம் இல்லை. அந்த ஆண்டு நள்ளிரவு நகைச்சுவை நிகழ்ச்சிகளில் மாடு மேய்ப்பவர்களை வைத்துச் சொல்லப்பட்ட துணுக்குகளும் அப்படித்தான். சங்கடத்தைச் சிரிப்பாக மாற்றிக்கொள்ளும் பழைய வழி அது.

இவற்றைவிடச் சுவையானது ஆதரித்தவர்களுக்கு இடையே வந்த சண்டை. படத்தைப் பாராட்டிய விமர்சகர்கள் பலர் இது தன்பாலீர்ப்பாளர் படமே அல்ல, எல்லோருக்கும் பொதுவான காதல் கதை என்று எழுதினார்கள். அதைப் பெரிய பாராட்டாகவே நினைத்து எழுதினார்கள். விமர்சகர் டேனியல் மெண்டல்சன் 2006 பிப்ரவரியில் 'நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில் இதை மறுத்தார். ரோமியோ, ஜூலியட் காதலை ஊரார்தான் தடுக்கிறார்கள், காதலர்களுக்குத் தங்கள் ஆசை மீது அருவருப்பு இல்லை. எனிஸின் எதிரியோ அவனுக்குள்ளேயே இருக்கிறான். தன்னையே வெறுக்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒருவனின் அழிவைப் பொதுவான காதல் சோகம் என்று சொன்னால் அவனுடைய சோகத்தையே பறித்துவிடுகிறோம். இதுதான் மெண்டல்சன் வாதத்தின் சாரம். ஷாமஸ் அதே இதழில் பதில் எழுதினார். விளம்பரத்தையும் படத்தையும் அவர் ஒருசேரத் தாங்கிப் பேச வேண்டியிருந்தது.

மெண்டல்சன் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் முடிவை மாற்றி எழுதியவர்கள் இந்த விவாதத்தில் எந்தப் பக்கம்? மேலோட்டமாகப் பார்த்தால் பொதுக் காதல் கட்சி. காதலர்கள் சேர வேண்டும், அவ்வளவுதான். சற்று வரலாற்றைப் புரட்டினால் அப்படித் தோன்றவில்லை.

அமெரிக்கத் திரையுலகின் தணிக்கை விதிகள் 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. அறுபதுகள் வரை தன்பாலீர்ப்பைத் திரையில் காட்டவே முடியாது. அதனால் இலக்கியத்திலிருந்து எடுத்த படங்களில் முதலில் நடந்தது அழிப்பு. லிலியன் ஹெல்மனின் 'தி சில்ரன்ஸ் அவர்' நாடகத்தில் இரண்டு ஆசிரியைகள் மீது, அவர்கள் காதலர்கள் என்று ஒரு சிறுமி பழி சொல்கிறாள். 1936இல் வில்லியம் வைலர் இதை 'தீஸ் த்ரீ' என்ற பெயரில் எடுத்தபோது பழி மாறிவிட்டது. ஒரு ஆசிரியை மற்றவளுடைய வருங்காலக் கணவனோடு தொடர்பு வைத்திருப்பதாகக் கதை ஆனது. ரிச்சர்ட் ப்ரூக்ஸின் 1945ஆம் ஆண்டு நாவலில் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக ஒருவர் கொல்லப்படுகிறார். அது 1947இல் 'க்ராஸ்ஃபயர்' படமானபோது அவர் யூதர் என்பதற்காகக் கொல்லப்பட்டார். நாவலைப் படித்துவிட்டு அரங்குக்குப் போன தன்பாலீர்ப்பாளர் தன்னைத் திரையில் தேடி, வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்.

விதிகள் தளர்ந்ததும் அடுத்தது மரணம். அதே வைலர் 1961இல் அதே நாடகத்தை அதன் சொந்தப் பெயரிலேயே மறுபடி எடுத்தார். இந்த முறை காதல் மறைக்கப்படவில்லை. ஷெர்லி மக்லெய்ன் நடித்த ஆசிரியை தன் மனத்தை ஒப்புக்கொள்கிறாள், பிறகு தூக்கில் தொங்குகிறாள். அழித்தால் இருப்பே இல்லை, இருந்தால் உயிர் இல்லை. ஹாலிவுட் படங்களில் தன்பாலீர்ப்பாளர் வரலாற்றை ஆராய்ந்த வீட்டோ ரூசோ, 1981இல் வெளியிட்டுப் பின்னர் விரிவாக்கிய 'தி செல்லுலாய்ட் க்ளோசெட்' நூலில் ஒரு சாவுப் பட்டியலே தொகுத்தார். எந்தப் படத்தில், எந்தப் பாத்திரம், எப்படிச் சாகிறது என்ற பட்டியல். தற்கொலை, கொலை, கொலை, தற்கொலை என்று போகும். படிக்கத் தொடங்கும்போது வேடிக்கையாகவும் முடிக்கும்போது வயிற்றைப் பிசைவதாகவும் இருக்கும்.

2005இல் ஐம்பது வயதைக் கடந்த தன்பாலீர்ப்பாளர் ஒருவர் ஜாக்கின் சாவைப் பார்த்தபோது, அந்தப் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்வதைப் பார்த்தார். ப்ரூவின் எட்டு ஆண்டுக் கதையோடு அவர் சண்டைக்குப் போகவில்லை. எழுபது ஆண்டுத் திரை வரலாற்றோடு சண்டைக்குப் போனார். கடிதம் போடத் திரை வரலாற்றுக்கு முகவரி கிடையாது, ப்ரூவுக்கு இருந்தது. தன்பாலீர்ப்பாளர் அல்லாத ஆண்கள் எழுதியவற்றுக்கு இந்த விளக்கம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'நான் அப்படிப்பட்டவன் அல்லன்' என்று தொடங்கியவர்களைத் தூண்டியது எது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தத் தொடக்க வரியை முழுமையாக நம்பவும் முடியவில்லை.

இதே ரசிகர்கள் வேறு காரியங்களும் செய்தார்கள். ஆஸ்கர் முடிவு வந்த வாரத்தில் தங்களுக்குள் பணம் திரட்டித் திரைத்துறை நாளிதழான 'டெய்லி வெரைட்டி'யில் ஒரு முழுப்பக்க விளம்பரம் போட்டார்கள். தோற்றதைக் கண்டித்து அல்ல, படத்தை எடுத்தவர்களுக்கு நன்றி சொல்லி. 2007இல் தங்கள் அனுபவங்களைத் தொகுத்து 'பியாண்ட் ப்ரோக்பேக்' என்ற நூலாகக் கொண்டுவந்தார்கள். ப்ரூ எரிச்சலோடு ஒதுக்கிய அதே வகைப் பார்வையாளர்கள்தான் இவர்களும். வரலாற்றாய்வாளருக்கு இந்த நூல் ப்ரூவின் நேர்காணலைவிடக் குறைந்த ஆவணம் அல்ல.

முடிவு பற்றிய இந்தச் சண்டை புதிதல்ல. நேர் எதிரான ஒரு முன்கதை இங்கிலாந்தில் இருக்கிறது. இ.எம். ஃபார்ஸ்டர் 1913, 14 ஆண்டுகளில் 'மாரிஸ்' நாவலை எழுதினார். நடுத்தர வர்க்க இளைஞன் மாரிஸும் வேட்டைக்காட்டுக் காவலன் அலெக்கும் காதலித்துச் சேர்ந்து வாழப் போய்விடுகிறார்கள். சேர்த்துவைத்தே தீருவது என்பது ஃபார்ஸ்டரின் பிடிவாதம். இருவரும் செத்திருந்தால் நாவலை வெளியிடுவது எளிதாக இருந்திருக்கும் என்று 1960இல் அதற்கு எழுதிய பின்குறிப்பில் கசப்போடு சொல்கிறார். குற்றவாளிகள் தண்டனை இல்லாமல் தப்புவதைத்தான் அன்றைய சட்டமும் சமூகமும் மன்னிக்காது. நாவலைக் கைப்பிரதியில் படித்தவர்களில் ஒருவர் லிட்டன் ஸ்ட்ரேச்சி. அவரும் தன்பாலீர்ப்பாளர்தான். இந்த உறவு ஆறு வாரம் தாங்கும் என்றார் அவர். ஃபார்ஸ்டர், இருவரும் மரம் வெட்டிகளாக வாழ்வதைக் காட்டும் ஒரு பின்கதை எழுதிப் பார்த்து, பிறகு அதை நீக்கிவிட்டார். சில ஆண்டுகள் கழித்து என்றால் முதல் உலகப் போர் வந்துவிடும், அந்தக் காட்டில் யாரும் நிம்மதியாக மரம் வெட்டிக்கொண்டிருக்க முடியாது. நாவல் அச்சானது 1971இல், ஃபார்ஸ்டர் இறந்த அடுத்த ஆண்டு.

1987இல் ஜேம்ஸ் ஐவரி அதைப் படமாக எடுத்தார். ஃபார்ஸ்டரின் உரிமைகளை வைத்திருந்த கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி முதலில் தயங்கியது. இது ஆசிரியரின் சிறந்த நாவல் அல்ல, படமானால் அவர் பெயருக்கு நல்லதல்ல என்று நினைத்தார்கள். படம் வந்தது எய்ட்ஸ் அச்சம் உச்சத்தில் இருந்த நேரத்தில். அடுத்த ஆண்டே, உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கக் கூடாது என்று பிரிட்டன் சட்டம் இயற்றியது. அந்தச் சூழலில் இரண்டு ஆண்கள் படகுத்துறைக் குடிலில் ஒருவரையொருவர் கண்டடைவதோடு முடிகிற படம் எப்படித் தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1915இல் ஸ்ட்ரேச்சியால் நம்ப முடியாத முடிவு 1987இல் தேவைப்பட்ட முடிவாக இருந்தது. முடிவு அதேதான், நம்பத் தயாராக இருந்தவர்கள் மாறியிருந்தார்கள்.

அதே ஐவரி முப்பது ஆண்டுகள் கழித்து, ஆந்த்ரே அசிமானின் 2007ஆம் ஆண்டு நாவலுக்குத் திரைக்கதை எழுதினார். லூக்கா குவாதனினோ இயக்கிய 'கால் மி பை யுவர் நேம்' (2017). 2018இல் ஐவரிக்கு அதற்காக ஆஸ்கர் கிடைத்தபோது வயது 89. இந்தப் படத்தைச் சுற்றிய சண்டைகள் வேறு தரத்தவை. பதினேழு வயதுப் பையன் எலியோவுக்கும் இருபத்துநான்கு வயது ஆளுக்கும் உறவு வருவது சரியா என்றார்கள் சிலர். இருவரும் கட்டிலில் சேரும்போது கேமரா ஏன் ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்க்கப் போகிறது என்றார்கள் சிலர். பின்னதைச் சொன்னவர்களில் ஐவரியும் ஒருவர். தான் முப்பது ஆண்டுகளுக்கு முன் 'மாரிஸ்' படத்தில் காட்டிய துணிச்சல்கூட இதில் இல்லை என்று அவருக்கு வருத்தம். யாரும் சாகாத படம் என்பதால் பார்வையாளர்களால் இப்படி அழகியல் பேச முடிந்தது.

ஆனாலும் முடிவு விட்டுவைக்கவில்லை. நாவலில் பல ஆண்டுகள் கழித்து இருவரும் சந்திக்கும் பகுதி உண்டு. படம் அதை விட்டுவிட்டு, கணப்பருகே உட்கார்ந்து அழும் எலியோவின் முகத்தில் நின்றுவிட்டது. அடுத்து என்ன என்று உலகமே கேட்டது. அசிமான் கோபித்துக்கொள்ளவில்லை. 2019இல் 'ஃபைண்ட் மி' என்ற தொடர்ச்சியை எழுதிக் காதலர்களை ஒரு வழியாகச் சேர்த்துவைத்தார். ப்ரூ மறுத்ததை அசிமான் கொடுத்தார். கொடுத்ததன் விளைவையும் பார்க்க வேண்டும். முதல் நாவலின் பலம், கிடைக்காமல் போனதை மனம் எப்படிச் சுமக்கிறது என்பதில் இருந்தது. இரண்டாவதில் சுமக்க எதுவும் இல்லை. எலியோவின் தகப்பனார் ரயிலில் ஓர் இளம்பெண்ணைச் சந்திப்பதற்கே பாதிப் புத்தகம் போய்விடுகிறது. கேட்டவர்களே ஏமாந்துபோன புத்தகம் அது. இலக்கியக் கணக்கில் ப்ரூவின் பிடிவாதம்தான் வென்றது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தமிழருக்கு மிக நெருக்கமான உதாரணம் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்'. கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு கனடா போனவர் செல்வதுரை. 1994இல் வந்த இந்த நாவலில், சேலை கட்டி மணப்பெண்ணாய் விளையாடப் பிரியப்படும் ஆர்ஜி என்ற சிறுவன், தான் வேறு மாதிரி என்பதையும், தன் இனம் வேட்டையாடப்படுகிறது என்பதையும் ஒரே காலத்தில் அறிந்துகொள்கிறான். பள்ளித் தோழன் ஷெஹான் சிங்களவன். 1983 ஜூலையில் ஆர்ஜியின் வீடு எரிகிறது, குடும்பம் புலம்பெயர்கிறது. தீபா மேத்தா இதை 2020இல் படமாக்கினார். திரைக்கதையில் செல்வதுரையும் பங்கேற்றார்.

இங்கே முடிவை மாற்றச் சொன்ன குரல் எதுவும் என் கண்ணில் படவில்லை. 83இன் முடிவை யாரால் மாற்ற முடியும்? எதிர்ப்பு காது வழியே வந்தது. முன்னோட்டம் வெளியானதுமே கனடாவிலும் பிற நாடுகளிலும் உள்ள ஈழத்தமிழர்கள், அவர்களில் பால்புதுமை (க்வியர்) தமிழர்கள் முன்னணியில் நின்று, கேட்டார்கள்: இந்த வாய்களில் ஏன் தமிழ் இப்படித் தடுமாறுகிறது? முக்கிய வேடங்கள் பலவற்றில் தமிழர் இல்லை. தந்தையாக நடித்த அலி காஸ்மி பாகிஸ்தானியக் கனடியர், அப்பம்மாவாக நடித்த சீமா பிஸ்வாஸ் அசாமில் பிறந்தவர். இனப்படுகொலைக்குத் தப்பியவர்களின் கதையைச் சொல்லும் படத்தில் அவர்களுடைய மொழியையே சரியாகப் பேச ஆளில்லையா என்பது குற்றச்சாட்டு. புறக்கணிப்பு அழைப்புகளும் வந்தன. கனடா இதைச் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் போட்டிக்கு அனுப்பியது. வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் என்று சொல்லி ஆஸ்கர் அமைப்பு திருப்பி அனுப்பியது. தமிழ் போதவில்லை என்று தமிழரும் ஆஸ்கர்க்காரர்களும் சொன்ன ஒரே படம் இதுவாகத்தான் இருக்கும்.

படத்தின் தரப்புக்கும் ஒரு வாதம் இருக்கிறது. நாவலின் குடும்பம் ஆங்கிலம் புழங்கும் கொழும்பு மேல்தட்டுக் குடும்பம். ஆர்ஜியைத் தகப்பனார் சிங்கள மொழிமூல வகுப்பில்தான் சேர்த்திருக்கிறார். அவனுடைய தமிழ் தடுமாறினால் அது கதைக்கு விரோதம் இல்லை. ஆனால் வீட்டுப் பெரியவர்களின் தமிழ் தடுமாறினால் இந்தச் சமாதானம் உதவாது. ஆங்கில நாவலில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. ஆங்கில வரிகளுக்கு அடியில் அப்பம்மாவின் குரலை ஈழத்து வாசகர் தானே கேட்டுக்கொண்டார், கொழும்புத் தமிழோ யாழ்ப்பாணத் தமிழோ, தன் வீட்டில் கேட்டது எதுவோ அதை. படம் வேறொரு குரலைக் கொடுத்தது. வயோமிங் பண்ணையாளர் தன் முகத்தை லெட்ஜரிடம் இழந்தார், ஈழத்து வாசகர் தன் வீட்டுக் குரலை இழந்தார். முன்னவருக்குப் பதிலாக ஓர் அழகு கிடைத்தது. பின்னவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தீபா மேத்தாவுக்கு எதிர்ப்பு புதிதல்ல. 1998 டிசம்பரில், இரு பெண்களின் காதலைச் சொன்ன அவருடைய 'ஃபயர்' படம் ஓடிய மும்பை, டெல்லி அரங்குகளைச் சிவசேனைக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' கதையின் சாயல் கொண்ட அந்தப் படத்தை அப்போது இந்தியாவின் பெண்கள் அமைப்புகளும் தன்பாலீர்ப்பாளர் குழுக்களும் தெருவில் இறங்கிக் காத்தன. 2020இல் எதிரே நின்றவர்கள் அப்படிக் காக்க வேண்டியவர்களே. அடையாள அரசியல் எல்லை மீறிப்போய்விட்டது என்று இதை வைத்துச் சிலர் முடிவு கட்டுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஈழத்துத் தன்பாலீர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைத்து, உலகம் பார்க்கும்படி வந்த படங்கள் எத்தனை? இன்னும் பத்துப் படங்கள் இருந்தால் இந்த ஒன்றின் உச்சரிப்பை யாரும் இவ்வளவு மனம் நொந்து கேட்டிருக்க மாட்டார்கள். 2021இல் படத்துக்குக் கனடியத் திரை விருதுகளில் சிறந்த இயக்கம், சிறந்த தழுவல் திரைக்கதை விருதுகள் கிடைத்தன. அந்தப் பாராட்டு, புறக்கணித்தவர்களின் கேள்விக்குப் பதில் ஆகவில்லை.

செல்வதுரையின் இரண்டாவது நாவல் 'சினமன் கார்டன்ஸ்' (1998) காத்திருக்கிறது. 1920களின் கொழும்பு, டொனமூர் ஆணைக்குழு வந்த காலம், முதலியார் ஒருவரின் மகன் பாலேந்திரன், லண்டனில் விட்டுவந்த காதலன் ரிச்சர்ட். நல்ல படத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. அதை எடுக்கத் துணியும் இயக்குநருக்கு ஒரு வேண்டுகோள்: படப்பிடிப்புக்கு முன் வசனப் பிரதியை, ஈழத்தமிழ் பேசும் பால்புதுமையினர் பத்துப் பேரைக் கூட்டி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், பாத்திரங்களுக்கு ஆள் தேடும்போதும் அவர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். செல்வதுரைக்கும் ஒன்று: உங்கள் பாலேந்திரன் கடைசியில் மனைவியோடேயே இருந்துவிடுகிறார். படம் வந்த மறுமாதம் அவரை ரிச்சர்டோடு கப்பலேற்றி அனுப்பிவைத்துப் பக்கம்பக்கமாகக் கடிதங்கள் வரும். ப்ரூவைப் போல எரிச்சல்படாமல், அவற்றைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.